மாஸ்க் விலகினால் மருந்து வீண்
மூச்சிரைப்பு உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு இன்ஹேலர் கொடுக்கும் முறை



போன மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து புதுக்கடன் மனுவுக்கு வந்தார்கள். ஒரு தங்கச்சி எழுந்து, "பாப்பாவுக்கு மறுபடியும் இழுப்பு வந்துருச்சுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும், உள்கடன் வேணும்" என்று கேட்டாள். தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்தால் நாலு மாதத்தில் இது மூன்றாவது முறை. 'மருத்துவச் செலவு' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கடனும் கொடுத்திருக்கிறோம். ஏன் திரும்பத் திரும்ப வருது என்று எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. அது எங்கள் தப்பு.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனோம். பாப்பாவுக்கு இரண்டு வயது. டாக்டர் கொடுத்த மருந்தெல்லாம் ஒரு துணிப்பையில் பத்திரமாக இருந்தது. இரண்டு இன்ஹேலர், ஒரு ஸ்பேசர், அதில் மாட்டும் சின்ன மாஸ்க். எல்லாம் சரிதான். "எப்படிக் கொடுக்கிறேன்னு ஒருதடவை செஞ்சு காட்டும்மா" என்றோம். மாஸ்க்கைப் பார்த்ததுமே பாப்பா அலற ஆரம்பித்துவிட்டாள். தங்கச்சி மாஸ்க்கை முகத்துக்கு இரண்டு விரக்கடை தள்ளியே பிடித்து, டக் டக்கென்று இரண்டுதடவை சேர்த்து அமுக்கி, உடனே எடுத்துவிட்டாள்.

"அழுவுறாளேன்னு ஒட்டி வைக்கிறதில்லக்கா. காத்து பட்டாலே போதும்ல?"

போதாது சகோதரிகளே. அந்த இரண்டு விரக்கடை இடைவெளியில்தான் மருந்தும் போச்சு, கடன் வாங்கிய பணமும் போச்சு. மருந்து சரி, அளவும் சரி. கொடுக்கும் முறையை மட்டும் அவளுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லித் தரவில்லை. அவளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடமும் நர்ஸிடமும் போய் நாங்களும் சேர்ந்து கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இழுப்பு வரும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நம் நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய் மரத்தின் கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழாய்கள் இயல்பிலேயே குறுகலானவை. ஆஸ்துமா, வீசிங் உள்ள பிள்ளைக்குச் சளிக் காய்ச்சல், புகை, தூசி ஏதாவது பட்டால் குழாயின் உள்சுவர் வீங்கும். சுற்றியுள்ள தசை இறுகும். உள்ளே சளியும் சேரும். குறுகிய வழியில் காற்று சிரமப்பட்டு வெளியே வருவதால்தான் 'கீய் கீய்' என்று சத்தம் கேட்கிறது.

இதற்கு இரண்டு வகை மருந்து உண்டு. ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்துவது. இதை நிவாரணி என்று சொல்லலாம். சால்பியூட்டமால் இந்த வகை. சில நிமிடங்களிலேயே வேலை செய்யும். இழுப்பு வரும்போது கொடுப்பது. இரண்டாவது, உள்ளே உள்ள வீக்கத்தைக் குறைப்பது. இதைத் தடுப்பு மருந்து என்று சொல்லலாம். புடிசொனைடு, ஃபுளூட்டிகசோன் போன்றவை இந்த வகை. இது உடனே பலன் காட்டாது. டாக்டர் சொன்ன காலம்வரை தினமும் கொடுத்து வந்தால்தான் அடுத்த இழுப்பு வராமல் காக்கும்.

நம்மில் பலபேர் செய்கிற தப்பு, பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று தடுப்பு மருந்தை நாமாகவே நிறுத்திவிடுவது. நிவாரணி பெரும்பாலும் நீல நிறத்தில் வரும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எது தினமும் கொடுப்பது, எது இழுப்பு வந்தால் கொடுப்பது என்று கேட்டு, டப்பாவின் மேலேயே ஒரு பிளாஸ்திரி ஒட்டித் தமிழில் எழுதி வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பாட்டியோ அப்பாவோ கொடுக்க அது உதவும்.

"இன்ஹேலரா? வேண்டாம்மா, பழகிடும்!"

இதை ஒவ்வொரு ஊரிலும் கேட்கிறோம். "அது கடைசி மருந்தாமே", "ரொம்ப பவராமே", "ஆரம்பிச்சா விட முடியாதாமே" என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் எல்லோரும் கணக்கு நோட்டு எழுதுகிறவர்கள்தானே!

சால்பியூட்டமால் சிரப்பில் பொதுவாக 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் ஒரு அமுக்குக்கு 100 மைக்ரோகிராம். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மில்லிகிராம். அப்படியானால் 5 மில்லி சிரப்பில் இருப்பது 20 அமுக்குக்குச் சமம். எது அதிகம்?

சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது. அதனால்தான் அதிக அளவு வேண்டியிருக்கிறது. சிரப் குடித்த பிள்ளைக்குக் கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். இன்ஹேலர் மருந்து நேராக வேலை நடக்க வேண்டிய இடத்துக்கே போகிறது. வயலில் வேர்ப்பக்கம் பார்த்துத் தண்ணீர் விடுவது மாதிரி. இதில் போதை கிடையாது. பழக்கம் ஆவதும் கிடையாது. சில பிள்ளைகளுக்கு அதிகநாள் தேவைப்படுவது நோய் அதிகநாள் இருப்பதால்தான்.

இந்த இன்ஹேலர் வந்த கதையும் சுவாரஸ்யமானது. 1955ல் அமெரிக்காவில் ஆஸ்துமா இருந்த 13 வயதுப் பெண் ஒருத்தி, முடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைக்கக் கூடாதா என்று தன் அப்பாவைக் கேட்டாளாம். அப்பா ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். அடுத்த வருஷமே, 1956ல், அமுக்கினால் அளந்து மருந்து வரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

ஸ்பேசர் எதற்கு? மாஸ்க் எதற்கு?

இன்ஹேலரை அமுக்கினால் மருந்து மிக வேகமாக வெளியே வரும். அமுக்கும் அதே நொடியில் மூச்சை இழுக்கப் பெரியவர்களுக்கே கஷ்டம். சின்னப் பிள்ளைக்கு முடியவே முடியாது. வேகமாக வரும் மருந்து தொண்டையிலேயே மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பேசர் என்பது நடுவில் வைக்கும் ஒரு காலிக் குழாய். மருந்துப் புகை அதில் வேகம் குறைந்து நிற்கும். பிள்ளை தன்போக்கில் மூச்சு விட்டு விட்டு அதை இழுத்துக்கொள்ளும். ஸ்பேசரில் ஒரு சின்ன வால்வு உண்டு. உள்ளே இழுக்கும்போது அது திறக்கும், வெளியே விடும்போது மூடிக்கொள்ளும்.

வாயால் மட்டும் குழாயைக் கவ்வி மூச்சுவிடச் சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அதனால்தான் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க். பொதுவாக 3 வயது வரைக்கும் மாஸ்க் கட்டாயம் வேண்டும். 4, 5 வயதில், குழாயை உதட்டால் இறுகக் கவ்வி வாயால் மூச்சுவிடப் பழகியதும் மாஸ்க்கைக் கழற்றிவிடலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இளநீர் ஸ்ட்ரா கணக்கு

இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் நடுவில் ஒரு கீறல் விழுந்திருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். இளநீர் ஏறாது. மாஸ்க்கில் இடைவெளி இருந்தாலும் இதே கதைதான். வால்வைத் திறந்துகொண்டு மருந்தை இழுப்பதைவிட, பக்கத்து இடைவெளியில் வெளிக்காற்றை இழுப்பது பிள்ளைக்குச் சுலபம். மருந்து ஸ்பேசருக்குள்ளேயே நின்றுவிடும்.

பிள்ளையின் மூச்சும் சின்னது. 10 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு மூச்சில் இழுக்கும் காற்று சுமார் 70 மில்லி, அதாவது அரை டம்ளர்கூட இல்லை. அதனால் ஒரே மூச்சில் ஸ்பேசர் காலியாகாது. ஐந்தாறு மூச்சாவது வேண்டும். ஒருமுறை அமுக்கிவிட்டு உடனே எடுத்தால் பாதி மருந்துகூட உள்ளே போகாது.

இடைவெளி எவ்வளவு கெடுக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்து டாக்டர்கள் செய்த ஆராய்ச்சி ஒரு சாட்சி. ஸ்பேசர் வாங்க வசதியில்லாதவர்களுக்காக, 500 மில்லி காலி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, இன்ஹேலரைப் பொருத்தி, அதையே ஸ்பேசராக வைத்துப் பார்த்தார்கள். இழுப்போடு வந்த 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில், பொருத்திய இடத்தைச் சுற்றிக் காற்றுப் போகாமல் அடைத்த பாட்டில், கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. அடைக்காத பாட்டில் அவ்வளவு பலன் தரவில்லை. வெறும் கப்பில் கொடுத்தது எல்லாவற்றிலும் குறைந்த பலன். 1999ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இது வெளியானது. ஒரே பாட்டில், ஒரே மருந்து, வித்தியாசம் அந்த அடைப்புதான். (பாட்டிலை நம் சின்னப் பிள்ளைகளுக்கு நாமாகச் செய்து பார்க்க வேண்டாம். அது வாயால் கவ்வத் தெரிந்த பிள்ளைகளுக்கானது.)

கொடுக்கும் முறை, படிப்படியாக

1. கையைக் கழுவிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் மூடியைக் கழற்றி, உள்ளே தூசி எதுவும் இல்லையா என்று பாருங்கள்.

2. இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். புதுசாக இருந்தாலோ, பலநாள் எடுக்காமல் வைத்திருந்தாலோ முதலில் சிலமுறை வெளியே காற்றில் அடித்துவிடுங்கள். எத்தனை முறை என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும்.

3. இன்ஹேலரை நிமிர்ந்த நிலையில் ஸ்பேசரின் பின்பக்கம் மாட்டுங்கள். முன்பக்கம் மாஸ்க் இருக்கட்டும்.

4. பிள்ளையை மடியில் உட்கார வையுங்கள். படுக்கப்போட்டுக் கொடுக்க வேண்டாம். பிள்ளையின் தலை உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள்.

5. மாஸ்க்கை மூக்கின் மேல்பக்கம் முதலில் வைத்து, அப்படியே கீழே இறக்கி வாயையும் மூடுங்கள். மாஸ்க்கின் ஓரம் சுற்றிலும் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கண்ணின்மேல் ஏறக்கூடாது. தாடைக்குக் கீழே தொங்கவும் கூடாது. அப்படி இருந்தால் மாஸ்க் அளவு பெரிசு என்று அர்த்தம்.

6. இப்போது இன்ஹேலரை ஒரே ஒருமுறை அமுக்குங்கள்.

7. மாஸ்க்கை எடுக்காமல் ஐந்தாறு மூச்சு வரை அப்படியே பிடித்திருங்கள். வால்வு அசைவதைப் பார்த்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பாட்டு மாதிரி எண்ணுங்கள்.

8. இரண்டாவது அமுக்கு உண்டென்றால், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கக் கூடாது. சேர்த்து அமுக்கினால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டிவிடும்.

9. தடுப்பு மருந்து கொடுத்தபிறகு முகத்தை ஈரத்துணியால் துடைத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். கொப்பளிக்கத் தெரியாத பிள்ளைக்குக் குடிக்க ஏதாவது கொடுங்கள், வாயையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படிந்து புண்ணாகலாம்.

சரியாகப் பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி உண்டு. மருந்தை அமுக்காமல் மாஸ்க்கை மட்டும் வைத்து வால்வைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு அசைந்தால் சரி. அசையவில்லையென்றால் எங்கேயோ காற்று கசிகிறது, அல்லது வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அழுகிற பிள்ளைக்கு என்ன செய்ய?

"அழும்போது பெரிசா மூச்சு இழுக்குறாளே, அப்போ மருந்து நல்லா உள்ள போகும்ல?" என்று ஒரு அக்கா கேட்டார். பார்க்க அப்படித்தான் தோன்றும். உண்மை நேர்மாறு. அழும்போது பிள்ளை நெடுநேரம் மூச்சை வெளியே விட்டு, வெடுக்கென்று இழுக்கிறது. அந்த வேகத்தில் மருந்து தொண்டையிலேயே படிந்து வயிற்றுக்குப் போய்விடும். நெஞ்சுக்குப் போவது ரொம்பக் குறைவு. தலையைத் திருப்பித் திமிறுவதால் மாஸ்க்கும் விலகும். "தூங்கும்போது வச்சுரலாமே" என்றால், மாஸ்க் பட்டதும் பல பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழுகிறார்கள்.

எங்களுக்குப் பலன் கொடுத்தவை இவை:

* இழுப்பு இல்லாத நல்ல நேரத்தில் மாஸ்க்கை விளையாட்டுச் சாமானாகக் கொடுங்கள். பொம்மைக்கு வைக்கட்டும், உங்களுக்கு வைக்கட்டும், தாத்தாவுக்கு வைத்துச் சிரிக்கட்டும்.
* ஸ்பேசர் நீளமாக இருப்பதால் "யானைத் தும்பிக்கை" என்று விளையாடலாம். நம்ம பாப்பா இதில்தான் மயங்கினாள்!
* தினமும் ஒரே நேரம், ஒரே மடி, ஒரே பாட்டு என்று வையுங்கள். பல் விளக்குவதற்கு முன்னால் என்று வைத்தால் மறக்காது, வாயும் சுத்தமாகிவிடும்.
* கோபத்தோடு அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருமுறை பயந்த பிள்ளை அடுத்தமுறை மாஸ்க்கைப் பார்த்தாலே ஓடும். முடிந்ததும் தட்டிக்கொடுங்கள்.

ஆனால் ஒன்று. கடுமையாக இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அழுகை நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இன்னொருவர் துணையோடு அணைத்துப் பிடித்து, மாஸ்க்கை ஒட்டி வைத்து, நிவாரணியைக் கொடுத்தே ஆகவேண்டும்.

மிஷின் வைத்தால்தான் சரியாகுமா?

நெபுலைசர் மிஷின்தான் பெரிய வைத்தியம் என்று நினைக்கிறோம். மிதமான இழுப்புக்கு ஸ்பேசரும் மாஸ்க்கும் வைத்துச் சரியாகக் கொடுத்தால் மிஷினுக்குச் சமமான பலன் கிடைக்கும். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும், பத்து நிமிடம்போல உட்கார வைக்க வேண்டும். ஸ்பேசரைப் பையில் போட்டுக்கொண்டு திருவிழாவுக்கும் போகலாம். கடன் வாங்கி மிஷின் வாங்குமுன் டாக்டரைக் கேளுங்கள். கடுமையான இழுப்பில் ஆஸ்பத்திரியில் மிஷின் வைப்பதும் ஆக்சிஜன் கொடுப்பதும் வேறு விஷயம். அது தேவை.

வீட்டில் மிஷின் இருந்தாலும் விதி ஒன்றுதான். புகையை முகத்துக்கு நேரே தூரத்தில் காட்டினால் பெரும்பகுதி வீண். மாஸ்க் ஒட்டியிருக்க வேண்டும். மருந்தில் கலக்க டாக்டர் எழுதிய சலைன்தான். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. ஒரு பிள்ளையின் மாஸ்க்கை இன்னொரு பிள்ளைக்கு வைக்கக் கூடாது.

கழுவுவதும் கணக்கு வைப்பதும்

ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து, நிழலில் தானாகக் காயவிடுங்கள். துணியால் தேய்த்துத் துடைக்க வேண்டாம். தேய்த்தால் பிளாஸ்டிக்கில் ஒரு மின்சாரம் உண்டாகும். சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டுமே, அது மாதிரி. மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். புது ஸ்பேசரையும் இப்படிக் கழுவிவிட்டே பயன்படுத்துங்கள். இன்ஹேலரின் உலோக டப்பாவைத் தண்ணீரில் போடாதீர்கள். அடுப்புப் பக்கமும் வெயிலிலும் வைக்காதீர்கள்.

இன்ஹேலர் பலவற்றில் 200 அமுக்கு இருக்கும். எண்ணிக்கை காட்டும் கட்டம் இல்லையென்றால் நாமே கணக்கு வைக்கலாம். காலை 1, மாலை 1 என்றால் 100 நாள். ஆரம்பித்த தேதியை டப்பாவில் எழுதுங்கள். குலுக்கினால் சத்தம் வருதே என்று நம்பாதீர்கள். மருந்து தீர்ந்தபிறகும் சத்தம் வரும்.

எப்போது ஓட வேண்டும்?

இழுப்பு வந்தால் நிவாரணி எத்தனை அமுக்கு, எத்தனை நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுக்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் ஆகிய மூன்றையும் டாக்டரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை எழுதி வாங்கிய அளவுப்படி நிவாரணியைக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

* மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுதல்
* உதடு, நாக்கு நீலம் பாய்தல்
* பால் குடிக்க முடியாமை, பேச முடியாமை
* துவண்டுபோதல், கூப்பிட்டால் சரியாக விழிக்காமை
* மருந்து கொடுத்தும் தணியாமல் இருப்பது, அல்லது தணிந்து சீக்கிரமே திரும்பி வருவது

பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு 50ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு 40ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பீடி, சிகரெட் புகை, விறகுப் புகை, கொசுவர்த்திச் சுருள் புகை இருக்கும்வரை மருந்து ஒருபக்கம் போராட, புகை மறுபக்கம் கெடுக்கும். இதை வீட்டு ஆண்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

நம்ம பாப்பா இப்போது

முறையைக் கற்றபிறகு இழுப்பே வரவில்லை என்று பொய் சொல்லமாட்டோம். மார்கழிப் பனியில் ஒருமுறை வந்தது. ராத்திரி நேரம். தங்கச்சி பயப்படாமல் மடியில் உட்கார வைத்து, எழுதி வாங்கியபடி மருந்து கொடுத்தாள். பாப்பா தணிந்து தூங்கிவிட்டாள். மறுநாள் டாக்டரிடம் காட்டினாள். அடுத்த கூட்டத்தில் பழைய கடனில் ஒரு தவணையைக் கட்டிவிட்டு, "இந்தத் தடவை கடன் கேக்க வரலக்கா, பாப்பாவைக் காட்டத்தான் வந்தேன்" என்றாள். பாப்பா தும்பிக்கையை மூக்கில் வைத்து எங்களுக்கெல்லாம் வித்தை காட்டினாள்.

சகோதரிகளே, இதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் வீசிங் உள்ள பிள்ளை இருந்தால், அந்தத் தாயிடம், "எப்படிக் கொடுக்கிற, செஞ்சு காட்டும்மா" என்று அன்பாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஸ்பேசரைக் கையோடு கொண்டுபோய்ச் செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவு என்று தீர்மான நோட்டில் எழுதும்முன் இனி ஒரு வார்த்தை கேட்போம்.